பாயிண்ட் மட்டும்தான் ஆட்டமா?



குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதியில் நம்ம பள்ளிப் பெண்கள் அணி 47-44 என்று மூணே புள்ளியில் தோற்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் காலை பிரேயர் முடிந்து வரும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மூன்று பேரின் பெயர், பெயருக்கு நேராக 18, 12, 9 என்று மூன்று எண்கள். அவ்வளவுதான். எல்லாரும் நின்று படித்தோம், கைதட்டினோம், வகுப்புக்குப் போய்விட்டோம்.

அந்தத் தாளை எழுதினது நான்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

நான் அணியில் ஆடுபவள் இல்லை. ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவள். யார் கூடையில் போட்டார்கள், யார் ஃபவுல் செய்தார்கள் என்று குறித்துக்கொள்வது என் வேலை. அன்றைக்குக் குறித்ததிலிருந்து அதிகம் புள்ளி எடுத்த மூன்று பேரை மட்டும் எடுத்துத் தாளில் எழுதினேன். எப்பவும் அப்படித்தானே எழுதுவோம்?

நாலு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஒன்பதாம் நம்பர் பனியன் போடும் பத்தாம் வகுப்புத் தங்கை பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். என்னவென்று விசாரித்தேன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த அவள் அம்மா, அறிவிப்புப் பலகையில் மகள் பெயரைத் தேடியிருக்கிறார்கள். காணவில்லை. "நீ ஆடவே இல்லையாடி? ஓரமா உட்கார வைக்கத்தான் தினமும் அஞ்சரை மணிக்கு எழுப்பி விடுறேனா?" என்று கேட்டுவிட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. என்ன சொல்லுவாள்? எழுதியிருந்தால்தானே காட்டுவதற்கு!

உண்மையில் அன்று 40 நிமிடமும் வெளியே வராமல் ஆடியவள் அவள் ஒருத்திதான்.

இதை நான் பி.டி. சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அலமாரியிலிருந்து கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுத்த சில தாள்களைக் கொடுத்தார். "ஒலிம்பிக்ஸ்ல எப்படி எழுதுறாங்கன்னு பாரு. பாத்துட்டு நீயே யோசி" என்றார். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடுகளுக்கு இடையே நடந்த கூடைப்பந்து ஆட்டங்களின் விவரத் தாள்கள் அவை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவற்றோடுதான் கழிந்தன. படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டத்தை எப்படிப் படிப்பது?

சர்வதேச ஆட்டத்தின் விவரத் தாளில் ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு வரி. ஓர் அணிக்கு 12 பேர், அதனால் 12 வரிகள். அந்த வரியில் பல கட்டங்கள் இருக்கும். எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை முறை எறிந்து எத்தனை விழுந்தது, ஃப்ரீ த்ரோ எத்தனை, கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை எத்தனை தடவை பிடித்தார் (ரீபவுண்ட்), அடுத்தவர் கூடை போடும்படி எத்தனை பாஸ் கொடுத்தார் (அசிஸ்ட்), எத்தனை தடவை பந்தைப் பறித்தார் (ஸ்டீல்), எத்தனை தடவை எறிந்த பந்தைத் தடுத்தார் (பிளாக்), எத்தனை தடவை பந்தைத் தொலைத்தார் (டர்ன் ஓவர்), எத்தனை ஃபவுல். எல்லாம் முடிந்து கடைசிக் கட்டத்தில்தான் புள்ளி.

கவனித்தீர்களா? புள்ளி என்பது ஒரே ஒரு கட்டம். அதுவும் கடைசிக் கட்டம். நாமோ அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறோம். ஒருவருடைய வரியை இடமிருந்து வலமாக முழுசாகப் படிப்பதே இல்லை.

அந்தத் தாளில் 'எஃபிஷியன்ஸி' என்று இன்னொரு கட்டமும் உண்டு. கணக்கு எளிதுதான். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்தையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து தவறவிட்ட எறிகள், தவறவிட்ட ஃப்ரீ த்ரோக்கள், டர்ன் ஓவர்கள் மூன்றையும் கழிக்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தம்பிகூடப் போட்டுவிடுவான். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒரு புள்ளியில் ஒரு தங்கம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் பெண்கள் இறுதி ஆட்டம். அமெரிக்காவும் பிரான்சும் மோதின. அமெரிக்கப் பெண்கள் அதற்கு முந்தைய 7 ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றவர்கள். 1992-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காதவர்கள். பிரான்சுக்கோ சொந்த ஊர், சொந்தக் கூட்டம்.

இடைவேளையில் 25-25 என்று சமம். மூன்றாம் கால் பகுதியில் பிரான்ஸ் 10 புள்ளி முன்னால் போய்விட்டது. அமெரிக்கா கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தது. கடைசி நான்கு நொடிகூட மிச்சமில்லாத நிலையில் அமெரிக்கா 67, பிரான்ஸ் 64. பிரான்சின் கேபி வில்லியம்ஸ் பந்தை வாங்கி, நேரம் முடியும் தருணத்தில் எறிந்தார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது!

மூன்று புள்ளியாக இருந்தால் 67-67. இன்னும் ஐந்து நிமிடம் ஆடியிருப்பார்கள். ஆனால் அவருடைய கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்தது. கோட்டைத் தொட்டாலே அது இரண்டு புள்ளிதான். 67-66. அமெரிக்காவுக்குத் தொடர்ந்து எட்டாவது தங்கம், ஒலிம்பிக்கில் தொடர்ந்து 61-ஆவது வெற்றி.

அந்தக் கால் வேறு இரண்டு நாடுகளுக்கு நடுவிலும் நின்றது என்று சொல்லலாம். பாரிஸ் ஒலிம்பிக்கின் கடைசித் தங்கமே இதுதான். இதோடு சேர்த்து அமெரிக்காவுக்கு 40 தங்கம், சீனாவுக்கும் 40 தங்கம். வெள்ளி அதிகம் இருந்ததால் அமெரிக்கா பட்டியலில் முதலிடம். இந்த ஆட்டம் மாறிப் போயிருந்தால் சீனா முதலிடம்!

சரி, இப்போ தாளுக்கு வருவோம். வில்லியம்ஸின் கடைசி எறி அதில் எப்படிப் பதிவாகும்? இரண்டு புள்ளி எறி, வெற்றி. அவ்வளவுதான். அந்த ஆட்டத்திலேயே பிரான்சுக்கு அதிக வலி தந்த எறி, தாளில் 'விழுந்தது' என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய மொத்தம் 19 புள்ளி. வெறும் 19 என்று படித்தால் இந்தக் கதை தெரியுமா?

எதிரணியில் ஏஜா வில்சன். 21 புள்ளி. புள்ளிக் கட்டத்தோடு நிறுத்தினால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் 2 புள்ளிதான் என்று நினைப்போம். ஆனால் வில்சனின் வரியை முழுசாகப் படித்தால் 13 ரீபவுண்ட், 4 பிளாக் என்று வருகிறது. வித்தியாசம் ஒரே புள்ளியாக இருக்கிற ஆட்டத்தில் 4 பிளாக் என்றால் என்ன அர்த்தம்? எதிரணி எறிந்த நாலு பந்துகள் கூடைக்குப் போகாமலே நின்றன. அதில் ஒன்றே ஒன்று தப்பி உள்ளே போயிருந்தால்? யோசித்துப் பாருங்கள். தடுத்ததற்கு யாரும் புள்ளி கொடுப்பதில்லை. ஆனால் அந்தத் தங்கத்தில் அதுவும் இருக்கிறது.

இன்னொரு வரியைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டயானா டௌராசி, வயது 42. அந்த இறுதி ஆட்டத்தில் அவர் களம் இறங்கவே இல்லை. அவர் வரியில் எண்களே கிடையாது. 2004 ஏதென்ஸ் தொடங்கி 2024 பாரிஸ் வரை ஆறு ஒலிம்பிக், ஆறு தங்கம். ஆறாவது தங்கம் வந்த ஆட்டத்தில் அவர் வரி காலி! ஆனாலும் பெயர் இருக்கிறது. 12 பேரில் ஒருவராக இருக்கிறது. ஆடாதவர் பெயரைக்கூட அங்கே எழுதுகிறார்கள். நான் 40 நிமிடம் ஆடியவள் பெயரை விட்டுவிட்டேன்.

அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்றார்

பெண்கள் ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ஆண்கள் இறுதி ஆட்டம். அதிலும் அமெரிக்காவும் பிரான்சும்தான். அந்த ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் யார் தெரியுமா? பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா. வயது 20, புள்ளி 26. ஆனால் ஆட்டம் 98-87 என்று அமெரிக்காவுக்குப் போனது.

அமெரிக்காவின் ஸ்டீபன் கர்ரி எடுத்தது 24. விழுந்தவை எட்டு, எட்டும் மூன்று புள்ளி எறி. அதில் நான்கை கடைசி மூன்று நிமிடத்துக்குள் போட்டார், பிரான்ஸ் நெருங்கி நெருங்கி வந்த நேரத்தில். புள்ளிக் கட்டத்தில் 26-க்குக் கீழே 24. ஆனால் எப்போது வந்த புள்ளி என்பதைக் கட்டம் சொல்லாது. லெப்ரான் ஜேம்ஸ் 14 புள்ளிதான் எடுத்தார். பக்கத்துக் கட்டத்தில் 10 அசிஸ்ட். அதாவது பத்து தடவை இன்னொருவர் கூடை போட இவர் பந்து கொடுத்திருக்கிறார். அந்தப் புள்ளிகள் எல்லாம் வேறு யார் யாரோ பெயரில் இருக்கின்றன.

அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த அரையிறுதி இதைவிடச் சுவை. செர்பியா அணி நான்காம் கால் பகுதி தொடங்கும்போது 13 புள்ளி முன்னிலை. கடைசியில் அமெரிக்கா 95-91 என்று ஜெயித்தது. கர்ரி 36 புள்ளி. மறுநாள் எல்லார் வாயிலும் 36 தான். அதே ஆட்டத்தில் ஜேம்ஸ் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். மூன்று கட்டத்திலும் இரட்டை இலக்கம். இதற்கு 'ட்ரிபிள் டபுள்' என்று பெயர். தோற்ற செர்பியாவின் நிகோலா யோகிச் 17 புள்ளி, 11 அசிஸ்ட். வல்லவர்கள் நிறைந்த அணியைத் தோல்வியின் ஓரம் வரை கொண்டுபோன மனிதரின் வரி அது.

புள்ளியின் எடை எல்லா ஆட்டத்திலும் ஒன்றாக இருக்காது என்பதற்கு இன்னொரு சான்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்கு எதிராக அமெரிக்காவின் கார்மெலோ ஆன்டனி 37 புள்ளி எடுத்தார். கர்ரியின் 36-ஐவிட ஒன்று அதிகம். ஆடியதும் 15 நிமிடத்துக்குள்தான். பிரமாதமான ஆட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் முடிவு 156-73. அவர் ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டாலும் அமெரிக்கா ஜெயித்திருக்கும். கர்ரியின் 36-இல் ஐந்து குறைந்திருந்தால் இறுதிக்கே போயிருக்க முடியாது. எது பெரிய எண்? 37-ஆ, 36-ஆ? கணக்கு சார் ஒரு விடை சொல்வார், பி.டி. சார் வேறு விடை சொல்வார்!

தவறவிட்டதையும் எழுத வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிக்கோ என்ற சின்னத் தீவு அணி அமெரிக்காவை 92-73 என்று வீழ்த்தியது. அமெரிக்கா தன் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பத் தொடங்கியது 1992-இல். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்கள் கண்ட முதல் தோல்வி அது. ஏன் தோற்றார்கள் என்று யாரும் பெரிதாக ஆராய வேண்டாம், ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும். மூன்று புள்ளி எறிகள் 24, விழுந்தவை 3. புள்ளி எடுத்தவர் பெயரை மட்டும் எழுதுகிற தாளில் இந்த 24-க்கு 3 எங்கே தெரியும்?

நம்ம தாளுக்கு வருகிறேன்

இதையெல்லாம் படித்த பிறகு நம்ம அரையிறுதிக்கு நான் எழுதிய குறிப்பு நோட்டை எடுத்தேன். நல்லவேளை, பென்சிலில் ஓரமாகக் கோடு போட்டு ரீபவுண்ட், பாஸ் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வரியாகக் கூட்டினேன்.

ஒன்பதாம் நம்பர்: 2 புள்ளி, 11 ரீபவுண்ட், 6 அசிஸ்ட், 4 ஸ்டீல். கூட்டினால் 23. தவறவிட்ட எறி 3, டர்ன் ஓவர் 2. கழித்தால் 18.

18 புள்ளி எடுத்த அக்கா: 18 புள்ளி, 3 ரீபவுண்ட், 1 அசிஸ்ட், 1 ஸ்டீல். கூட்டினால் அவருக்கும் 23. தவறவிட்ட எறி 14, ஃப்ரீ த்ரோ 2, டர்ன் ஓவர் 5. கழித்தால் 2.

மூன்று தடவை சரிபார்த்தேன். 18, 2.

உடனே யாரும் அக்காவைத் தப்பாக நினைக்க வேண்டாம். நேரம் முடியப்போகும்போது எல்லாரும் பந்தை அவரிடம்தான் தள்ளிவிடுகிறார்கள். எறிந்தால்தானே தவறும்? பயந்து எறியாமல் இருப்பவருக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்கும். இரண்டு பேர் மறித்து நிற்கும்போது எறிந்த எறியும், ஆள் இல்லாத இடத்தில் எறிந்த எறியும் கட்டத்தில் ஒன்றுதான். எஃபிஷியன்ஸி கணக்கிலும் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த எண்களைக் காட்டியபோது அக்காவே சொன்னது இது: "அவ பிடிச்சுக் குடுத்ததைத்தானேடி நான் போட்டேன். என் பேரை மட்டும் ஏன் எழுதின?"

"பாயிண்ட் எடுக்காம எப்படி ஜெயிக்கிறது?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆட்டம் முடிந்தால் பலகையில் இருப்பது புள்ளிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரணிக்கு வராமல் போன புள்ளியும் அதே பலகையில்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். நாலு தடவை பந்தைப் பறித்தவள் நாலு தடவை எதிரணியின் வாய்ப்பைப் பறித்திருக்கிறாள். நாம் மூன்று புள்ளியில் தோற்றோம். அவள் இல்லையென்றால் எத்தனையில் தோற்றிருப்போம்?

இன்னொரு அண்ணன் வேறு மாதிரி சொன்னார். "எண்ணெல்லாம் எதுக்கு? நல்லா ஆடுறவங்களைக் கண்ணால பாத்தாலே தெரியாதா?" இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டத்தை முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அவள் 11 ரீபவுண்ட் எடுத்தாள் என்று எனக்கே தெரியாது, கோடுகளை எண்ணிப் பார்க்கும் வரை! கண் எப்பவும் பந்து கூடையில் விழுவதைத்தான் பார்க்கும். அதுவும் நம்ம தோழி போட்டால் இரண்டு தடவை பார்க்கும். எண்ணுக்குத் தோழி கிடையாது. அமைதியாக ஆடுகிறவர்களுக்கு எண்தான் சாட்சி. ஆனால் எல்லா எண்ணையும் எழுத வேண்டும். ஒரே எண்ணை எழுதினால் அதுவும் ஒரு பாரபட்சம்தான். பொய் எழுதவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 18, 12, 9 மூன்றும் உண்மைதான். பாதி உண்மை ஒரு பெண்ணைக் கோர்ட்டுக்கு வராமல் செய்துவிட்டதே!

எண்ணில் சிக்காததும் உண்டு. தோற்றுக்கொண்டிருக்கும்போது "விடுங்கடி, அடுத்த பந்து" என்று கத்துவதற்குக் கட்டம் இல்லை. தோழி எறிவதற்கு வழி விட்டு எதிரணி ஆளை மறித்து நிற்பதற்குக் கட்டம் இல்லை. அதற்கெல்லாம் நம்ம கண்ணும் மனசும் வேண்டும். எண்ணும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

என் வேண்டுகோள்கள்

1. இனி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளில் ஆடிய எல்லாருடைய பெயரும் இருக்க வேண்டும். களம் இறங்காதவர் பெயரும் இருக்க வேண்டும். புள்ளியோடு ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் நான்கு கட்டங்களும் வேண்டும். ஒரு சார்ட் பேப்பரும் ஒரு ஸ்கேலும் போதும், பெரிய செலவு இல்லை.

2. ஸ்கோர் மேசைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தியால் எல்லாவற்றையும் எண்ண முடியாது. கூட்டல் கழித்தல் தெரிந்த, ஆட்டத்தின்போது பேசாமல் இருக்கக்கூடிய யாரும் வரலாம். (இரண்டாவது தகுதிதான் கஷ்டம்!) நான் சொல்லித் தருகிறேன்.

3. ஆண்டு விழாவில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். அது இருக்கட்டும். பக்கத்தில் அதிக ரீபவுண்ட் எடுத்தவருக்கும் ஒன்று கொடுக்கலாமா என்று ஆசிரியப் பெருமக்கள் யோசிக்க வேண்டுகிறேன். சின்னதாக இருந்தாலும் போதும்.

இதே இதழின் கீழ் மூலையில் நம்ம அரையிறுதியின் முழு விவரத் தாளைக் கட்டம் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். 12 பேர், 12 வரி. தயவுசெய்து ஒவ்வொரு வரியையும் இடமிருந்து வலமாகப் படியுங்கள்.

ஒன்பதாம் நம்பர் தங்கையே, உன் வரி எட்டாவதாக இருக்கிறது. அம்மாவை அழைத்து வந்து காட்டு. தப்பு என்னுடையது என்று நானே அவர்களிடம் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு வந்துவிடு. பென்சில் சீவி வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன்.



இப்படிக்கு,
ஸ்கோர் மேசையிலிருந்து,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி